குடியை நிறுத்தும் முதல் வாரம்: வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியவை

பல வருஷமாகத் தினமும் குடித்தவர் "இனிமேல் தொடமாட்டேன்" என்று ஒரு நாள் சொன்னால், வீட்டில் இருப்பவர்களுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கும். அந்த வேகத்திலேயே பாட்டில்களைக் கொட்டிவிட்டு, அவரை ஓர் அறையில் படுக்கவைத்து, இரண்டு மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆபத்து இருப்பதே அந்த இரண்டு மூன்று நாளில்தான். நீண்டகாலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம். முன்னேற்பாட்டோடு செய்தால் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தடுக்க முடியும். எப்போது மருத்துவரிடம் போக வேண்டும், அவரிடம் என்ன சொல்ல வேண்டும், வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம். மருந்தும் அளவும் மருத்துவர் முடிவு.

நிறுத்தினால் ஏன் உடம்பு கொதிக்கிறது

மூளையை அமைதிப்படுத்தும் வேதிப்பொருள் காபா, முடுக்கிவிடுவது குளூட்டமேட். மது முன்னதற்கு வலு சேர்க்கிறது, பின்னதை அடக்குகிறது. தினமும் இப்படி அமுக்கப்படும் மூளை அதற்கு ஈடுகட்டத் தன்னையே மாற்றிக்கொள்கிறது: காபாவுக்கு மந்தமாகவும் குளூட்டமேட்டுக்குக் கூர்மையாகவும் ஆகிவிடுகிறது. முன்பு இரண்டு பெக்கில் ஏறிய போதை இப்போது ஆறு பெக்கிலும் ஏறாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். மது நின்றதும் அமுக்கிக்கொண்டிருந்தது விலகிவிடுகிறது. முடுக்கம் மட்டும் முழு வேகத்தில் மிஞ்சுகிறது. கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை, வலிப்பு எல்லாம் அங்கிருந்து வருபவை. இதில் மன உறுதிக்கு வேலையே இல்லை. நடுங்கும் கையைப் பார்த்து "நடிக்கிறான்" என்று சொல்பவர்கள் தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு தடவை குடித்து, திடீரென நிறுத்தி, மறுபடி குடிக்கும்போதும் அடுத்த தடவையின் அறிகுறிகள் முன்பைவிடக் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. "போன தடவை வீட்டிலேயே சமாளித்தோம்" என்பதை இந்தத் தடவைக்குச் சான்றாக வைத்துக்கொள்ளக் கூடாது.

நாள் குறிப்பதற்கு முன் கணக்குப் போடுங்கள்

"கொஞ்சம்தான் குடிப்பார்" என்ற பதிலை வைத்து எந்த மருத்துவராலும் ஒன்றும் செய்ய முடியாது. கிராமில் கணக்கு வேண்டும். மில்லி அளவை பாட்டிலில் அச்சிட்டிருக்கும் ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, மீண்டும் 0.8-ஆல் பெருக்குங்கள். 40 சதவீத மது 180 மில்லி என்றால் சுமார் 58 கிராம் தூய ஆல்கஹால். 5 சதவீத பீர் 650 மில்லி என்றால் 26 கிராம். அதே அளவு பீர் 8 சதவீதமாக இருந்தால் 42 கிராமுக்குப் பக்கத்தில் வரும். "பீர் மட்டும்தான்" என்பது சமாதானம் ஆகாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

ஒரு வாரத்துக்கு இந்தக் கணக்கை எழுதிவையுங்கள். காலையில் எழுந்ததும் நடுக்கத்தை அடக்கக் குடிக்கிறாரா, முதல் மிடறு எத்தனை மணிக்கு என்பதையும் குறியுங்கள். காலைக் குடி இருந்தால் உடம்பு மதுவைச் சார்ந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு 120 கிராமைத் தாண்டினால் மருந்தின் துணையோடு மட்டுமே நிறுத்த வேண்டும். 240 கிராமைத் தாண்டினால் மருத்துவமனையில் படுத்துத்தான் நிறுத்த வேண்டும். பெண்கள், முதியவர்கள், உடல் எடை குறைந்தவர்கள், கல்லீரல் கெட்டவர்கள் ஆகியோருக்கு இதைவிடக் குறைந்த அளவிலேயே ஆபத்து தொடங்கிவிடும்.

அளவு எதுவானாலும் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் முயலவே வேண்டாம்:

- முன்பு நிறுத்தியபோது வலிப்போ புத்தி பேதலிப்போ வந்திருந்தால்
- வலிப்பு நோய், இதய நோய், முற்றிய கல்லீரல் நோய், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் இருந்தால்
- கர்ப்பமாக இருந்தால்
- தற்கொலை எண்ணம் இருந்தால், அல்லது அண்மையில் முயன்றிருந்தால்
- அண்மையில் தலையில் அடிபட்டிருந்தால்
- மதுவோடு தூக்க மாத்திரையோ வேறு போதைப்பொருளோ சேர்ந்திருந்தால்
- முதல் ஐந்து நாள் இரவும் பகலும் கூட இருக்க ஆள் இல்லாவிட்டால்

பட்டியலில் உள்ள தூக்க மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டயஸெபாம், அல்பிரசோலம், குளோனசெபாம் போன்றவை மது வேலை செய்யும் அதே இடத்தில்தான் வேலை செய்கின்றன. பல மாதம் தினமும் விழுங்கியவர் திடீரென நிறுத்தினால் மதுவைப் போலவே வலிப்பு வரும். அவற்றை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஹெராயின், மார்ஃபின், டிரமடால் போன்ற ஓபியாய்டு வகைகளை நிறுத்தும்போது உடம்புவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு என்று பெரும் அவதிதான், ஆனால் நீரிழப்பைச் சமாளித்துவிட்டால் அந்தக் கட்டம் உயிரை எடுப்பது அபூர்வம். அதில் கொல்வது பிறகு வரும் நாள்கள்: நிறுத்திய சில நாளிலேயே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும், பழைய அளவை மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடும். எனவே மதுவோடு வேறு என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதைக் கோபப்படாமல் கேட்டு, ஒன்றுவிடாமல் எழுதி வாங்குங்கள்.

மருத்துவரைப் பார்க்கும் நாள் வரை திடீரென நிறுத்த வேண்டாம். வழக்கமான அளவைத் தாண்டாமல், முடிந்தால் நாளுக்கு நாள் சிறிது குறைத்துக்கொண்டு வரட்டும். குடிக்காதே என்று வருஷக்கணக்கில் மன்றாடியவர்களுக்கு இதைக் கேட்கவே கசக்கும் என்பது தெரியும். ஆனாலும் உடம்பு சார்ந்துவிட்டவருக்கு மருந்தில்லாத திடீர் நிறுத்தம் இன்னும் சில நாள் குடிப்பதைவிட ஆபத்தானது.

மருத்துவரிடம் என்ன நடக்கும்

மனநல மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ போகலாம். எழுதிவைத்த கணக்கு, பழைய வலிப்பு விவரம், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் கையில் இருக்கட்டும். கல்லீரல், சிறுநீரகம், இரத்தச் சர்க்கரை, இரத்த அணுக்கள், பொட்டாசியம், மக்னீசியம் இவற்றுக்கான பரிசோதனைகள் நடக்கும்.

மது நின்றதால் வரும் நடுக்கம், படபடப்பு போன்ற விலகல் அறிகுறிகளை அடக்கப் பெரும்பாலும் குளோர்டயஸெபாக்சைடு அல்லது டயஸெபாம் தருவார்கள். கல்லீரல் பழுதாகியிருந்தால் லோரஸெபாம் அல்லது ஆக்சஸெபாம். முதல் நாளில் அளவு அதிகமாக இருக்கும், பிறகு நாளுக்கு நாள் குறைந்து ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். இந்த மாத்திரை வீட்டார் கையில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் அவர் விழித்திருக்கிறாரா, தெளிவாகப் பேசுகிறாரா என்று பார்த்த பிறகு கொடுங்கள். நிதானமில்லாமல் தூங்கி வழிந்தால் அந்த வேளையை நிறுத்திவைத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். இடையில் குடித்துவிட்டார் என்று தெரிந்தால் மாத்திரை கொடுக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்து மூச்சை அடக்கிவிடும். ஒரு வாரத்துக்கு எழுதித் தந்த சீட்டை வைத்து மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டு, மதுவை விட்டு மாத்திரையில் சிக்கியவர்கள் நிறையப் பேர். முடிகிற தேதியில் முடித்துவிட வேண்டும்.

அடுத்தது தயமின், அதாவது வைட்டமின் பி1. நாள்பட்டுக் குடித்தவர்களுக்கு இது மிகவும் குறைந்திருக்கும், குடலும் இதைச் சரியாக உறிஞ்சாது. அதனால்தான் ஆரம்பத்தில் ஊசியாகப் போடுகிறார்கள். இது குறைந்தால் வெர்னிக்கே என்ற மூளைப் பாதிப்பு வரும்: குழப்பம், கருவிழி ஆடுவது அல்லது ஒரு பக்கம் நகராமல் போவது, கால்களை அகட்டித் தள்ளாடி நடப்பது. மூன்றும் சேர்ந்து வர வேண்டும் என்பதில்லை, ஒன்று தெரிந்தாலே போதும். தாமதித்தால் புதிய நினைவு எதுவும் தங்காத நிலை நிரந்தரமாகிவிடலாம். "ரொம்ப பலவீனமாக இருக்கிறார், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், உடம்பில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச தயமினும் அதைச் செரிக்கச் செலவாகி இந்தப் பாதிப்பைத் தூண்டிவிடும். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் "இவர் தினமும் குடிப்பவர்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் இந்த ஊசி போடாமல் விடுபட்டுப் போகும். (இரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கியிருந்தால் குளுக்கோஸுக்குக் காத்திருக்கக் கூடாது, இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பார்கள்.)

மணிக்கணக்கில் கவனிக்க வேண்டியவை

கடைசியாகக் குடித்த நேரத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எல்லாம் அதிலிருந்துதான் கணக்கு.

6 முதல் 12 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, குமட்டல், எரிச்சல், தலைவலி தொடங்கும். நடுக்கத்தை அளக்க ஒரு வழி உண்டு: இரு கைகளையும் முன்னால் நீட்டி விரல்களை அகட்டச் சொல்லுங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் உங்கள் விரல் நுனியை அவர் விரல் நுனியோடு சேர்த்து வையுங்கள். லேசான அதிர்வு தெரிந்தால் அது ஆரம்பநிலை. நீட்டிய கை கண்ணுக்குத் தெரிய ஆடினால் நடுத்தரம். கையை நீட்டாதபோதும் ஆடினால் கடுமை. வியர்வையும் அப்படித்தான்: உள்ளங்கை ஈரம், பிறகு நெற்றியில் முத்து முத்தாக, பிறகு சட்டை நனைகிற அளவு. நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை இந்த இரண்டையும், ஒரு முழு நிமிடம் எண்ணிய நாடித்துடிப்பையும் நேரத்தோடு குறித்துவாருங்கள். இந்தத் தாள் மருத்துவர் கையில் பொன்னான தகவல்.

வலிப்பு வந்தால் பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். முன்னறிவிப்பே இல்லாமல், நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே வரலாம். அதனால் இந்த இரண்டு நாளும் மாடிப்படி, மொட்டை மாடி, அடுப்பு, வண்டி எதற்கும் தனியாக விடாதீர்கள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள்.

12 மணி நேரத்துக்குப் பிறகு சிலருக்குச் சுவரில் பூச்சி ஊர்வது தெரியும், யாரோ கூப்பிடும் குரல் கேட்கும். நாள், இடம், ஆள் தெரிகிற தெளிவு இன்னும் இருக்கும். அவரோடு வாதாட வேண்டாம், தலையாட்டி ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். "எனக்குத் தெரியவில்லை, மது நின்றதால் உங்கள் கண்ணுக்கு இப்படித் தெரிகிறது, நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்" என்று சொல்லி விளக்கைப் போட்டுவையுங்கள். மருத்துவருக்கு உடனே தகவல் போக வேண்டும்.

48 முதல் 96 மணி நேரம் வரை உள்ளது மிக மோசமான கட்டம். மருத்துவர்கள் டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று சொல்லும் கடுமையான புத்தி பேதலிப்பு இங்கேதான் வரும். இரண்டு நாள் தாண்டியதும் "தப்பித்தோம்" என்று காவலைத் தளர்த்துகிற வீடுகள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். ஆரம்பம் சின்னதாக இருக்கும்: படுக்கை விரிப்பை விரலால் கிள்ளிக்கொண்டே இருப்பார், காற்றில் எதையோ எடுப்பார், வேலை செய்யும் இடத்தில் இருப்பதாக நினைத்துப் பேசுவார். இன்று என்ன கிழமை, இது எந்த இடம், நான் யார் என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்றில் தடுமாறினாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது, படுத்திருக்கும்போதே நாடி 120-க்கு மேல் ஓடுவது, அடங்காத வாந்தி, இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், கண் மஞ்சளாவது இவையும் அப்படியே. நல்ல சிகிச்சை கிடைத்தால் டெலிரியம் வந்தவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் பிழைத்துக்கொள்கிறார்கள். சிகிச்சையில்லாமல் விட்டால் கணிசமானோர் இறந்துவிடுகிறார்கள்.

வலிப்பு வந்தால்

கூர்மையான பொருள்களை அகற்றி, தலைக்கடியில் மடித்த துணி வைத்து, இறுக்கமான சட்டைப் பொத்தான்களைக் கழற்றுங்கள். கை கால்களை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். வாயில் கரண்டி, துணி, விரல் எதையும் நுழைக்க வேண்டாம். பல் உடையும், மூச்சு அடைக்கும். கையில் எதைக் கொடுத்தாலும் வலிப்பு நிற்காது. கடிகாரத்தைப் பாருங்கள். உதறல் நின்றதும் ஒரு பக்கமாகத் திருப்பி, மேலே உள்ள முழங்காலை மடக்கி, முகவாயைச் சற்று உயர்த்தி எச்சிலும் வாந்தியும் வெளியே வழியும்படி வையுங்கள். முழுத் தெளிவு வரும்வரை தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. பொதுவான வலிப்பு நோயில் ஐந்து நிமிடம் தாண்டினால் அவசரம் என்பார்கள். குடியை நிறுத்தியவருக்கு வந்தால் அரை நிமிடத்தில் நின்றாலும் அவசரம்தான், ஏனென்றால் அடுத்தது சில மணி நேரத்துக்குள் வரலாம், அதைத் தொடர்ந்து டெலிரியமும் வரலாம்.

சாப்பாடு, தூக்கம், வலி மாத்திரை

வயிறு ஏற்காது என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீர்க்கரைசல், கஞ்சி, பழம் போதும். காபி வேண்டாம், படபடப்பைக் கூட்டும். தலைவலிக்குப் பாரசிட்டமால் ஒரு நாளில் 2 கிராமைத் தாண்டக் கூடாது. ஐபுபுரூஃபன், டைக்லோஃபினாக் வேண்டாம். புண்ணாகியிருக்கும் இரைப்பையில் இரத்தக் கசிவை உண்டாக்கும். தூக்கம் முதல் வாரத்தில் வராது, சரியாகச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். மறுபடி பாட்டிலைத் தேடுவதற்குத் தூக்கமின்மை பெரிய காரணம்.

வீட்டில் கைகழுவும் கிருமிநாசினி, ஆஃப்டர்ஷேவ், வார்னிஷ் கரைப்பான் இருந்தால் அகற்றுங்கள். தவிப்பில் இவற்றைக் குடிப்பவர்கள் உண்டு. மெத்தனால் கலந்திருந்தால் பார்வை மங்கும், பிறகு உயிர் போகும். பார்வை பனிமூட்டம்போல் தெரிகிறது என்று சொன்னால் ஒரு நிமிடமும் வீணாக்காதீர்கள்.

ரகசியமாக மாத்திரை கலப்பது

இதைப் போல மனதைப் பதறவைப்பது வேறில்லை. குடித்தால் வாந்தி வரவைக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த மருந்து மது உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடை மேலும் உடையவிடாமல் தேக்கிவைக்கிறது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் இறங்கும். இதயம் பலவீனமானவர் அங்கேயே இறந்துபோகலாம். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, கடைசிக் குடிக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம் கழித்தே தொடங்க வேண்டிய மருந்து அது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தும் வாய் கொப்பளிக்கும் திரவமும்கூட ஆகாது. விளம்பரத்தில் வரும் பெயர் தெரியாத குடி நிறுத்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, வாங்காதீர்கள்.

வாரம் முடிந்த பிறகு

நடுக்கம் நின்றதோடு சிகிச்சை முடிந்தது என்று நினைப்பதால்தான் பலர் ஒரு மாதத்துக்குள் பழைய இடத்துக்குத் திரும்புகிறார்கள். உடம்பு தெளிந்தது முதல் படி மட்டுமே. தவிப்பைக் குறைக்க மருந்துகள் உண்டு, வீட்டார் கேட்டு வாங்க வேண்டும். நால்ட்ரெக்சோன் பொதுவாக நாளொன்றுக்கு 50 மில்லிகிராம். குடித்தால் கிடைக்கும் இன்பத்தை மழுங்கடிக்கும். ஓபியாய்டு வலி மருந்து எடுப்பவருக்குக் கொடுத்தால் கடுமையான விலகல் அறிகுறி கிளம்பும், அதனால் அவற்றை நிறுத்தி 7 முதல் 10 நாள் ஆகியிருக்க வேண்டும். அகாம்புரோசேட் கல்லீரலைத் தொந்தரவு செய்யாது, சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். நாளுக்கு மூன்று வேளை என்பதால் மறந்துபோவதுதான் அதன் சிக்கல். இவற்றோடு ஆலோசனையும், குடியை விட்டவர்கள் கூடும் குழுக்களும் சேர்ந்தால் பலன் கூடும். 1935-ல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இன்று உலகம் முழுக்க இலவசமாகக் கூட்டங்கள் நடத்துகிறது. குடும்பத்தினருக்கு அல்-அனான் தனியாக உண்டு.

குடிக்க வேண்டும் என்ற உந்துதல் வரும்போது பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் ஏறி இறங்கிவிடும். அந்த அரை மணி நேரத்துக்கு என்ன செய்வது என்பதை முன்பே எழுதிவைக்கச் சொல்லுங்கள்: யாரை அழைப்பது, எங்கே நடந்து போவது, என்ன சாப்பிடுவது. பசி, கோபம், தனிமை, களைப்பு நான்கும் உந்துதலைக் கிளப்புபவை. வழக்கமாகக் குடிக்கும் நேரத்தில் வயிறு நிறைந்திருக்கும்படி பார்த்துக்கொள்வது எளிய காரியம், ஆனால் நன்றாக உதவுகிறது.

மறுபடி குடித்துவிட்டால்? ஒரு நாள் வழுக்கியவரிடம் அன்றைக்கே சண்டை போடாதீர்கள். போதையில் பேசியது எதுவும் மறுநாள் மனதில் நிற்காது. தெளிந்த பிறகு, எந்த நேரத்தில், யாரோடு, எதற்கு முன்னால் நடந்தது என்று கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். பழைய அளவைத் தாங்கும் சக்தி இப்போது இல்லை என்பதால் அன்றிரவு ஒருக்களித்துப் படுக்கவைத்து, கூப்பிட்டால் எழுகிறாரா என்று அடிக்கடி பாருங்கள். எழுப்ப முடியவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு, உதடு நீலம் என்றால் தூங்கட்டும் என்று விடாமல் ஆம்புலன்ஸ் வரவழையுங்கள். பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டார் என்றால் அடுத்த நிறுத்தமும் வீட்டு அறையில் வேண்டாம். கடைசிக் குடியின் நேரம், இந்தச் சுற்றில் குடித்த கிராம் கணக்கு, போன தடவை எழுதிய நாடித் தாள் மூன்றையும் எடுத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் போங்கள்.